பன்றிக்கு யார் கொடுத்தது?

எங்கள் அலுவலகத்தில் வைரஸ்களுக்கு மார்க் போடுவோம். பள்ளிக்கூடத்தில் நிறைய மார்க் வாங்கினால் கைதட்டுவார்கள். இங்கே ஒன்று பத்துக்கு ஏழைத் தாண்டினாலே அன்றிரவு யாரும் வீட்டுக்குப் போக மாட்டோம். வவ்வாலிடம் கிடைத்தது, வாத்திடம் கிடைத்தது, எலியிடம் கிடைத்தது என்று மாதத்துக்கு நாலு ஃபைல் வரும். எது விலங்கோடு நின்றுவிடும், எது மனிதருக்குத் தாவி ஊரையே படுக்கப் போடும் என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலை. வருவதில் பெரும்பாலானவை பரம சாதுக்கள். அதைச் சொன்னால் வெளியே யாரும் நம்புவதில்லை.

மார்க் போட ஆறு பேர், கேள்விகள் பத்து. மனிதத் தொண்டையில் ஒட்டுமா, மூச்சுக்காற்றில் பரவுமா, இருக்கிற மருந்துக்கு அடங்குமா, என்று போய், இதுவரை மனிதர் யாருக்காவது வந்திருக்கிறதா என்று பத்தாவது கேள்வியில் முடியும். ஒவ்வொன்றுக்கும் ஆளாளுக்குத் தனியாக எழுத வேண்டும். எழுதி முடிக்கும்வரை ஒருவரோடொருவர் பேசக்கூடாது. பேசவிட்டால் யார் குரல் பெரியதோ அவருடைய பயம்தான் எல்லோருடைய பயமும் ஆகிவிடும். பெரிய குரல் என்னுடையது என்பதால் இந்த விதியே எனக்காகத்தான் வந்தது என்று பேசிக்கொள்கிறார்கள். பேசிவிட்டுப் போகட்டும்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கண் அடுத்தவர் மூக்கில் இருக்கும். வராந்தாவில் யாராவது தும்மினால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். சளியோடு யாரும் வேலைக்கு வரக்கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியவள் நான். திங்கட்கிழமை காலையில் உள்ளே நுழைகிற ஒவ்வொருவர் மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டு, அந்தச் சாம்பிளை ஃப்ரீசரில் போட்டுவைக்கச் சொன்னவளும் நான்தான். லேபில் இருக்கிற வைரஸ் என்றைக்காவது எங்களில் ஒருவருக்குத் தொற்றினால் எந்த வாரம் தொற்றியது என்று பிறகு தெரிய வேண்டுமே. இதனாலெல்லாம் எனக்கு ‘மாஸ்க் மேடம்’ என்று பெயர். நேரே சொல்ல மாட்டார்கள், மாஸ்க்குக்குள்ளேயே சொல்லிக்கொள்வார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆறு நாற்காலிகளில் ஒன்று காலியாக இருந்தது. அது என் நாற்காலி. நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே மேஜைமேல் இருந்தது என் தங்கையின் ஃபைல். சொந்தக்காரர் சம்பந்தப்பட்டிருந்தால் மார்க் போடக்கூடாது என்பது விதி. அதை மட்டும் நான் எழுதவில்லை, ஆனாலும் நல்ல விதிதான்.

தங்கையும் அவள் வீட்டுக்காரரும் பன்றிப் பண்ணை வைத்திருக்கிறார்கள். முந்நூறு உருப்படி. அவளுக்கு நாற்பத்தோரு வயது. இரண்டு தடவை கலைந்துபோய், இனி இல்லை என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்ட பிறகு உண்டான குழந்தை. மறுநாள் புதன்கிழமை காலை ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். சனிக்கிழமை பண்ணையில் சில குட்டிகள் இருமின. கால்நடைத் துறை ஆட்கள் வழக்கம்போல வந்து மூக்கில் சாம்பிள் எடுத்துக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமை தங்கைக்குக் காய்ச்சல். திங்கட்கிழமை எங்கள் லேபில் குட்டிகளின் சாம்பிளில் இருந்ததன் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்தால் ஃப்ளூ வைரஸ். எங்கள் பட்டியலில் இருக்கிற எந்தப் பன்றி வைரஸோடும் சரியாகப் பொருந்தவில்லை. அன்று சாயங்காலமே தங்கையின் மூக்கிலும் அதே வைரஸ் இருந்தது.

பன்றியின் தொண்டை பொல்லாத இடம். பறவையின் ஃப்ளூவும் அங்கே ஒட்டும், மனிதனின் ஃப்ளூவும் ஒட்டும். இரண்டும் ஒரே சமயத்தில் போய்ச் சேர்ந்தால் கலந்து புதிதாக ஒன்று பிறக்கலாம். அப்படிப் பிறந்தது மனிதருக்குத் தாவினால் அதைத் தடுக்க யார் உடம்பிலும் சக்தி இருக்காது. முன்பின் தெரியாத வைரஸ், அதுவும் பன்றியிலிருந்து ஒரு பெண்ணுக்கு வந்துவிட்டது என்றால் பத்தாவது கேள்விக்கு எவரும் பத்துக்குப் பத்து போடுவார்கள். நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

ஏழைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். முந்நூறு பன்றிகளையும் கொல்வார்கள். தங்கையை இருபத்தொரு நாள் தனி அறையில் பூட்டுவார்கள். குழந்தையை எடுத்த கையோடு வேறு அறைக்குக் கொண்டுபோவார்கள். அவள் அதன் முகத்தை மூன்று வாரம் கழித்துத்தான் பார்க்க முடியும்.

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். காய்ச்சல் இறங்கிவிட்டதாம். குரல் மட்டும் கரகரத்தது.

“அக்கா, பொறந்த உடனே தூக்கிட்டுப் போயிடுவாங்களாமே. நர்ஸ் சொல்றாங்க.”

“இன்னும் ஒண்ணும் முடிவாகலடி.”

“நீதானே முடிவு பண்ற ஆளு?”

“இன்னைக்கு என்னை உள்ள விடமாட்டாங்க.”

“ஊர்ல இருக்குற எல்லா வவ்வாலுக்கும் நீ மார்க் போடுவ. கூடப் பொறந்தவளுக்குன்னா வெளிய உக்காந்துப்பியா?” என்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள். நான் சமாதானம் சொல்லத் தெரியாதவள். “அழாத, மூக்கு அடைச்சுக்கும்” என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். தலைவர் கேள்வித்தாளைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரை நாங்கள் ‘பொறுமை சார்’ என்போம், எதற்கெடுத்தாலும் கையை உயர்த்தி “பொறுமை, பொறுமை” என்பார். அவருக்குப் பக்கத்தில் வைரஸ்களின் வம்சாவளியை மரமாக வரைகிற பெண். எது எதற்குப் பிள்ளை, எது எதற்குப் பங்காளி என்று கம்ப்யூட்டரில் கிளை கிளையாகப் போட்டுக் காட்டுவாள். அதனால் அவள் ‘மரக்காரி’. அவள் வரைந்த மரம் திரையில் தெரிந்தது. தங்கையின் வைரஸ் அதில் ஒரு நீளமான கிளையின் நுனியில், உறவில்லாத அனாதை மாதிரி தனியாகத் தொங்கியது.

அப்போது தங்கை வீட்டுக்காரர் போன் செய்தார். பாவம், அவரைப் பண்ணையை விட்டு வெளியே வரக்கூடாது என்று நிறுத்திவைத்திருந்தார்கள்.

“அக்கா, எல்லாத்தையும் கொன்னுடுவாங்களா?”

“மாப்ள, கொஞ்சம் பொறுங்க. எத்தனை இருமுது இப்ப?”

“அஞ்சுதான்.”

“நேத்து எத்தனை?”

“அதே அஞ்சுதான். ஷெட்டுல இருக்குற பெருசு ஒண்ணுகூட இருமல. இந்த அஞ்சும் நோஞ்சான் குட்டிங்க. தாய்கிட்ட பால் கிடைக்கலன்னு அவ வீட்டுக்குள்ள வச்சு பாட்டில்ல குடுத்துட்டு இருந்தா. தினம் மடியில போட்டுக்கிட்டு கொஞ்சுவா. வேண்டாம்னா கேட்டாதானே?”

“ஷெட்டுக்குப் போவாளா?”

“இந்த வயித்தை வச்சுக்கிட்டா? ரெண்டு மாசமாச்சு ஷெட்டுப் பக்கம் போயி.”

போனை வைத்த பிறகும் காதில் அதுவே கேட்டுக்கொண்டிருந்தது. வைரஸ் பன்றிகளுக்குள் பரவியிருந்தால் முந்நூறு இருக்கிற ஷெட்டில் அல்லவா இருமல் கேட்க வேண்டும்? அங்கே சத்தமே இல்லை. வீட்டுக்குள் இருந்த ஐந்து மட்டும், அவள் மடியில் கிடந்த ஐந்து மட்டும் இருமுகின்றன. குட்டிகள் அவளுக்குக் கொடுத்தன என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவள் குட்டிகளுக்குக் கொடுத்திருந்தால்?

அப்படியானால் அவளுக்கு யார் கொடுத்தது? இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அது என் கைப்பையிலேயே இருந்தது, பாதி தீர்ந்த தொண்டை மாத்திரை அட்டையாக.

அவளுக்குக் காய்ச்சல் வந்த ஞாயிறுக்கு முந்தைய ஞாயிறு. காலையில் எழுந்தபோதே எனக்குத் தொண்டை முள்ளாகக் குத்தியது. குழந்தைத் துணிகளை மடித்துவைக்கலாம் வா என்று தங்கை கூப்பிட்டிருந்தாள். சாதாரணத் தொண்டைதானே என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனேன். பகல் முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்தேன், சிரித்தேன், அவள் தலையில் முத்தம்கூடக் கொடுத்தேன். மறுநாள் திங்கட்கிழமை அலுவலகத்துக்கும் வந்தேன், மாஸ்க் போட்டுக்கொண்டு, இருமலை விழுங்கிக்கொண்டு. ஊருக்குத்தான் உபதேசம் என்பது இதுதான். அந்த வாரம் புதன்கிழமை அவள் போன் செய்து, “உன் தொண்டையை எனக்குக் குடுத்துட்டுப் போயிட்டியேக்கா” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆஸ்பத்திரிப் படிவத்தில் ‘காய்ச்சல் என்று தொடங்கியது’ என்றுதான் கேள்வி இருக்கும். அவள் ஞாயிறு என்று உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். தொண்டை என்று வலித்தது என்று யாரும் கேட்கவில்லை. கண் முன்னே பன்றி நிற்கும்போது யாருக்கு மனிதர்களைப் பார்க்கத் தோன்றும்? இருபது வருடம் இதே வேலை பார்க்கிற எனக்கே தோன்றவில்லை.

இவ்வளவும் புரிந்த பிறகு நான் உடனே எழுந்து போகவில்லை. இரண்டு நிமிடம் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். சுற்றறிக்கையில் இருந்த என் கையெழுத்தை நினைத்தேன். நான் வீட்டுக்கு அனுப்பிய ஒவ்வொருவர் முகத்தையும் நினைத்தேன். அவளே குணமாகிக்கொண்டு வருகிறாளே, மூன்று வாரம்தானே என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. அந்த இரண்டு நிமிடத்துக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

எழுந்து கண்ணாடிக் கதவைத் தட்டினேன். மார்க் எழுதுகிற நேரத்தில் யாரும் தட்டக்கூடாது. ஐந்து தலைகளும் நிமிர்ந்தன.

“பொறுமை,” என்று சைகை காட்டினார் பொறுமை சார்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். “பேனாவைக் கீழ வைங்க. பன்னி அவளுக்குக் குடுக்கல. அவதான் பன்னிக்குக் குடுத்திருக்கா.”

“மேடம், நீங்க உள்ள வரக்கூடாது.”

“மார்க் போட வரல. சாட்சி சொல்ல வந்திருக்கேன். அவளுக்குக் குடுத்தது நான்.”

எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்ததை, மாத்திரையை, திங்கட்கிழமை விழுங்கிய இருமலை, ஷெட்டில் இருமல் இல்லாததை. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பொறுமை சார் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். “சளியோட திங்கட்கிழமை வேலைக்கு வந்தீங்களா? நீங்களா?” என்று கத்தினார். அவர் கத்தி நாங்கள் கேட்டதே இல்லை.

“ஆமா சார். திட்டுறதை அப்புறம் திட்டுங்க. இது வெறும் சந்தேகம்தான், நிரூபிக்கணும். அன்னைக்குக் காலையில வாசல்ல என் மூக்குல எடுத்த சாம்பிள் ஃப்ரீசர்ல இருக்கு. அதை எடுத்துப் படிங்க.”

மரக்காரி என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேடம்,” என்றாள் மெதுவாக. “நான் இதை எதோட ஒப்பிட்டேன் தெரியுமா? பன்னி, வாத்து, கோழி, குதிரை. இந்தக் குளிர்காலத்துல மனுஷங்களுக்கு வந்த ஃப்ளூவோட ஒப்பிடவே இல்ல.”

“ஏன்?”

“நம்ம பட்டியல்ல அது கிடையாதே. நாமதான் விலங்கு வைரஸ் ஆபீசாச்சே.”

பக்கத்துத் தெருவில் இருக்கிறவனைத் தேடி உலகமெல்லாம் ஆள் அனுப்பியிருக்கிறோம். அந்த வைரஸ் அனாதையும் இல்லை, அதிசயமும் இல்லை. அதன் சொந்தக்காரர்கள் எல்லாம் பேருந்திலும் பள்ளிக்கூடத்திலும் தும்மிக்கொண்டிருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அது நிச்சயமாகத் தெரிகிறவரை நிம்மதியில்லை. ஒருவேளை என் தொண்டை வேறு, அவள் தொண்டை வேறு என்று வந்துவிட்டால்?

ஃப்ரீசரிலிருந்து என் சாம்பிளை எடுத்து, உருக்கி, மெஷினில் ஏற்றினார்கள். படித்து முடிக்கச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். என்னை லேபுக்குள் விடவில்லை, அதுவும் விதி. நான் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். மதியம் யாரோ கொண்டுவந்து வைத்த சாப்பாடு அப்படியே ஆறியது. தங்கை மூன்று தடவை போன் செய்தாள். நான் எடுக்கவில்லை. நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பிடுங்குவதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

நாலே முக்காலுக்கு மரக்காரி லேபிலிருந்து ஓடிவந்தாள். வராந்தாவில் ஓடக்கூடாது என்று இன்னொரு சுற்றறிக்கை உண்டு. யார் அனுப்பியது என்று சொல்ல வேண்டியதில்லை.

“மேடம், பதின்மூணாயிரத்துச் சொச்சம் எழுத்து. உங்களுக்கும் குட்டிக்கும் ரெண்டே ரெண்டு எழுத்துதான் வித்தியாசம். நடுவுல உங்க தங்கச்சி. உங்ககிட்டேர்ந்து ஒரு எழுத்து மாறி அவங்க, அவங்ககிட்டேர்ந்து இன்னொண்ணு மாறி குட்டி. போன மாசத்துலேர்ந்து ஊரெல்லாம் சுத்துற சாதாரண ஃப்ளூ, மேடம். மருந்துக்கு அடங்கும்.”

பெஞ்சில் உட்கார்ந்து, மாஸ்க்கைக் கழற்றி, அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அப்படிச் செய்யவே கூடாது. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. அவளுக்கும் ஒரு கண்டம் தப்பியிருந்ததே. ஒரு பட்டியலில் ஒரு வரி விட்டுப்போனதற்காக முந்நூறு உயிர் போயிருக்கும்.

குழு அந்த வைரஸுக்கு மார்க்கே போடவில்லை. விலங்கிலிருந்து வந்ததற்குத்தான் மார்க், மனிதரிடமிருந்து விலங்குக்குப் போனதற்கு இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஐந்து குட்டிகளை மட்டும், அவற்றின் சளி வேறு பன்றி வைரஸோடு கலந்துவிடாமல் இருக்க, இருமல் நிற்கும்வரை தனியாக வைக்கச் சொன்னார்கள். ஒப்பிடும் பட்டியலில் அன்றே மனித வைரஸ்களையும் சேர்த்தார்கள். அறிக்கையில் ‘தொற்று தொடங்கிய இடம்’ என்று ஒரு கட்டம் உண்டு. வவ்வால், வாத்து என்றெல்லாம் நானே நிரப்பியிருக்கிறேன். அன்று பொறுமை சார் பேனாவை என்னிடம் நீட்டினார். ‘குழு உறுப்பினர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்று பன்றியின் தலையில் போய் விழ இருந்தது, விழ வேண்டிய இடத்திலேயே விழுந்தது. மூன்று மாதம் குழுவில் உட்காரக்கூடாது என்று தண்டனை. அதற்கும் கையெழுத்துப் போட்டேன்.

புதன்கிழமை காலை பத்தே காலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அப்பனைப் பண்ணையிலிருந்து விட்டுவிட்டார்கள். அவர் ஆபரேஷன் அறை வாசலில் நின்று அதை முதலில் வாங்கி, கீழே போட்டுவிடுவோமோ என்று பயந்து உடனே நர்ஸிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

நான் மதியம்தான் போனேன். தங்கை மாஸ்க் போட்டுக்கொண்டு தலையணையில் சாய்ந்திருந்தாள். குழந்தை வேறு எங்கும் இல்லை, அவள் நெஞ்சுமேல்தான் கிடந்தது. சிவப்பாக, சுருக்கம் சுருக்கமாக, உலகத்தின் மேலேயே கோபமாக இருந்தது. குடும்பச் சாயல் தெரிந்தது. எனக்குச் சளி போய் நாளாகியிருந்தது. இருந்தாலும் வாசல்படியைத் தாண்டாமல் நின்றேன்.

என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தாள்.

“வாங்க மேடம். தும்முனா தூக்குத் தண்டனை குடுக்குற மேடம்தானே நீங்க? தொண்டை வலியோட வந்து பகல் பூரா என் மூஞ்சியில மூச்சு விட்டுட்டு, பழியை என் புள்ளைங்க மேல போட்ட ஆளு?”

“நான் போடலடி. அதுவா விழுந்துச்சு.”

“அஞ்சு குட்டியும் என்ன பாவம் பண்ணுச்சு? பால் குடிச்சுச்சு, தூங்குச்சு. அதுங்களுக்குப் போய் சளி குடுத்திருக்க. நேத்து பூரா போனை எடுக்காம வேற இருந்துட்ட. நான் இங்க செத்துப் பிழைச்சேன் தெரியுமா?”

தங்கை வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் நான் திட்டியதுதான் அதிகம், வாங்கியது குறைவு. திட்டு வாங்குவதில் இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று தெரிந்திருந்தால் முன்பே கொஞ்சம் வாங்கியிருப்பேன். இருபத்தொரு நாள் பூட்டிய அறையில் கிடக்க வேண்டியவள், நெஞ்சில் குழந்தையை வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் என்னைத் திட்டுகிறாள். அவள் குரல் இன்னும் கரகரப்பாகத்தான் இருந்தது. அதுவும் நான் கொடுத்ததுதான்.

“மாத்திரை போட்டா சரியாப் போச்சாம். இவங்க பெரிய சைன்டிஸ்ட். உனக்கெல்லாம் யாரு வேலை குடுத்தா? நீ மட்டும்...”

திட்டு பாதியில் நின்றது. தங்கை குனிந்து பார்த்தாள். குழந்தை வாயால் துழாவிப் பால் குடிக்க ஆரம்பித்திருந்தது. அவள் என்னை மறந்துவிட்டாள்.

மீதியை நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று அவள் வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.